புது வீட்டுத் தோட்டத்தில் செடி பிடிக்கவில்லையா? டெல்டா மண்ணில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

காவிரி டெல்டாவில் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்குக் கிடைக்கும் தோட்ட இடம் பெரும்பாலும் நெல் விளைந்த நஞ்சையைத் தூர்த்துப் பிரித்த மனையாக இருக்கும். இல்லையென்றால் பழைய தெருவீட்டின் நீளக் கொல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் கடலோர மணல். எங்கே இருந்தாலும் செடி வாடுவதும் மஞ்சளாவதும் கருகுவதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். காரணம்தான் இடத்துக்கு இடம் மாறும்.

இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனால் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். முதல் வருடத் தோட்டத்துக்கு அந்தப் பாட்டில் அநேகமாகத் தேவைப்படாது. தூர்த்த மண்ணும், போர்த் தண்ணீரும், நட்ட மாதமும்தான் செடியைப் பிடிக்கவிடாமல் செய்கின்றன. அதனால் கீழே பல இடங்களில் முதல் வேலையாகத் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தெளிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் செய்ய வேண்டியது

தோட்டம் போடும் இடத்தில் மூன்று நான்கு பக்கம் கடப்பாறையால் ஒன்றரை அடிக் குழி எடுங்கள். குழியின் சுவரைப் பாருங்கள். தூர்த்த மனையில் அடுக்கடுக்காகத் தெரியும்: மேலே வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவலோ சவுடோ, நடுவில் செங்கல் துண்டும் ஜல்லியும் இறுகிப்போன கலவைக் கட்டியும், அதற்கும் கீழே கருத்த வயல் களி. அந்தக் கருப்பு எத்தனை அடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாத்தி எவ்வளவு உயரம், மரக்குழி எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் அந்த அளவுதான் முடிவுசெய்யும்.

அடுத்து, குழியில் தண்ணீர் நிரப்பி வற்றவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு 1 அங்குலமாவது இறங்கினால் காய்கறிக்குப் போதும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே தரையில் எதையும் நடாதீர்கள்.

குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் காயவைத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்திருக்கிறது என்று பொருள். கடலோர மண்ணில் கிளிஞ்சல் இருந்தாலும் இதே மாதிரி நுரைக்கும். செடிக்கு விளைவு ஒன்றுதான்.

தண்ணீரின் உப்பை அளக்க, ஆர்.ஓ. எந்திரம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். அந்த எண்ணையும் எழுதி வையுங்கள்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். தஞ்சாவூரை அடுத்த காட்டுத்தோட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ஐந்தாறு இடங்களில் 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, குழியின் சரிவை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோங்கள். எரு போட்ட இடத்திலும் வரப்பை ஒட்டியும் எடுத்தால் முடிவு தப்பாக வரும்.

குடிபோன மாதத்தைப் பொறுத்து

கிரகப்பிரவேசம் பெரும்பாலும் வைகாசியிலோ ஆவணியிலோ தையிலோ நடக்கிறது. தோட்டத்தின் தொடக்கமும் அதைப் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

வைகாசியில் வந்தவர்களுக்கு நல்ல வாய்ப்பு. சென்ட்டுக்கு 200 கிராம் தக்கைப்பூண்டு விதையைத் தூவித் தண்ணீர் காட்டுங்கள். உவரையும் தேங்கும் நீரையும் தாங்கும் பயிர் அது. 45 நாளில், பூ எடுக்குமுன், வெட்டி மண்ணோடு மடக்கிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மட்கி, ஆடிப்பட்டம் முடிவதற்குள் பாத்தி தயாராகிவிடும். சம்பாவுக்கு முன்னால் வயலில் செய்வதையே நான்கு சென்ட் இடத்திலும் செய்யலாம். லாரி ஏறி இறுகிய மனை மண்ணை இதைவிடச் சிக்கனமாக இளக்கும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆவணியில் வந்தால் அவசரப்படாதீர்கள். ஐப்பசி அடைமழைக்கு இரண்டே மாதம்தான் இருக்கிறது. உயர்த்திய பாத்தியில் கீரையும் வெண்டையும் போட்டுக்கொண்டு, மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வையுங்கள். தையில் வந்தவர்களுக்குக் கத்தரி, தக்காளி, கீரைக்கு ஏற்ற பட்டம் உடனே கிடைக்கும். அவர்கள் கவலைப்பட வேண்டியது சித்திரை வெயிலையும் போர்த் தண்ணீரையும் பற்றித்தான்.

அறிகுறி: தண்ணீர் நிற்கிறது, அல்லது மழையே இல்லாமல் ஈரம் காயவில்லை

இது டெல்டாவுக்கே உரிய தொல்லை. இதில் பல வகை உண்டு.

மேல்மண் காய்ந்து கிடக்கிறது, செடி மட்டும் அழுகுகிறது என்றால் கிராவல் அடுக்கைச் சந்தேகியுங்கள். கிராவல் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விட்டுவிடும். கீழே லாரிச் சக்கரம் ஏறி இறுகிய களி அதை விடாது. இரண்டுக்கும் நடுவில் வேர் ஊறிக்கிடக்கும். மேலே காய்ந்ததைப் பார்த்து நாமும் மேலும் ஊற்றுவோம். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியாது, கம்பியை ஓரடி இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். களி மேலாகவே இருந்தால் அந்த இடத்தில் கடப்பாறையால் களியின் இறுகிய மேல்பரப்பை உடைத்துவிடுங்கள். இரண்டடிக்குக் கீழே இருந்தால் உடைக்கப் பார்க்காமல் மேட்டுப்பாத்திக்குப் போங்கள்.

பக்கத்து மனை இன்னும் வயலாகவே இருந்தால் கதை வேறு. அங்கே நடவு முடிந்து தண்ணீர் கட்டிய நாளிலிருந்து அறுப்புக்கு முன் வடிக்கும்வரை உங்கள் நிலத்தடியிலும் ஈரம் ஏறியே இருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் வாய்க்காலை ஒட்டிய வீடுகளிலும் இதே கசிவு வரும். எல்லைச் சுவரை ஒட்டி உள்பக்கம் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டி, தெருப்பக்கத் தாழ்வுக்கு விடுங்கள். அதன் கரையில் சேம்பும் வல்லாரையும் கல்வாழையும் வையுங்கள். அந்த ஈரம் அவற்றுக்குப் பிடிக்கும்.

மேட்டுப்பாத்தி 3 அடி அகலம், குறைந்தது 1 அடி உயரம் இருக்கட்டும். அகலம் இதற்கு மேல் போனால் நடுவில் களை எடுக்கப் பாத்தியை மிதிக்க வேண்டிவரும். வயல் மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, கருக்கிய உமி அரைப் பங்கு. களியை இளக்க மணல் வாங்கிக் கொட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் முன்பைவிட இறுகும். மணலுக்குக் கொடுக்கும் காசுக்கு எருவும் உமியும் வாங்குங்கள். நெல் ஆலையிலிருந்து உமி வாங்கிவந்து நீங்களே மூட்டம் போட்டுக் கருக்கிக்கொள்ளலாம். முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதை நிறையப் போடாதீர்கள்.

பாத்திமேல் வைக்கோல் மூடாக்கு இருந்தால் மழை அடித்து மண் இறுகாது. வைக்கோலில் தங்கிய நெல்மணி முளைத்தால் பிடுங்கிப் போட்டுவிடலாம்.

அறிகுறி: இளந்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

வாசல் சுவரை ஒட்டி வைத்த இட்லிப்பூச் செடியில்தான் இது முதலில் தெரியும். அடுத்து செம்பருத்தி, எலுமிச்சை. உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா போடுவார்கள், மஞ்சள் போகாது. சிமென்ட், சுண்ணாம்பு கலந்த மண்ணில் கார அமில நிலை 8-ஐ நெருங்கும்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. அதனால் புதிதாக வரும் இலை வெளுத்தே வருகிறது.

உடனடி நிவாரணம் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும் அன்னபேதி உப்பு. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே அரை எலுமிச்சம்பழச் சாறு. கரைத்த உடனே, வெயில் தாழ்ந்தபின், இலையின் இரு பக்கமும் படும்படி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை விழும், போகாது. கரைசலை எடுத்து வைத்து மறுநாள் தெளிப்பதில் பயனில்லை.

தெளிப்பு இருக்கிற இலையைத்தான் பச்சையாக்கும். மண்ணைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த தளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வரும். செடியைச் சுற்றி ஒன்றரை அடிக்குத் தோண்டி ஜல்லி, கலவைக் கட்டி, செங்கல் தூள் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு வயல் மண்ணும் எருவும் நிரப்புங்கள். நட்டுவிட்ட செடியென்றால் ஒரு பக்கத்தை இந்த மழைக்கும் மறுபக்கத்தை அடுத்த மழைக்குமாகப் பிரித்துச் செய்யலாம். முடிந்தால் சுவரிலிருந்து 3 அடி தள்ளியே நடுங்கள்.

மஞ்சள் வேறு மாதிரி இருந்தால் காரணமும் வேறு. அடியிலை முழுதாக மஞ்சளாகி, மேலிலை பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. மட்கிய ஆட்டெரு ஒரு கூடை போதும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய். அதற்கு மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். இரும்புக் குறைவையும் இதையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. நரம்பு பச்சையாக இருந்தால் மண்ணைக் கவனிக்க வேண்டும், நரம்பு மஞ்சளாக இருந்தால் நோய்.

அறிகுறி: ஓரிடத்தில் மட்டும் எதுவுமே வரவில்லை

கொத்தனார் கலவை போட்ட இடம், பெயின்டர் டப்பாவும் பிரஷும் கழுவிய மூலை, டைல்ஸ் அறுத்த பால் வடிந்த பள்ளம். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மேல்மண்ணை அரையடி வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். எண்ணெய், தின்னர் வாடை வந்தால் வாடை நிற்கும்வரை தோண்டுங்கள். அந்த மண்ணை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று, வீடு கட்டும்போது அஸ்திவாரத்தைச் சுற்றிக் கரையான் மருந்து விட்டிருப்பார்கள். செடி வளர்வதை அது தடுக்காது, அதனால் நாம் கவனிப்பதும் இல்லை. சாப்பிடும் கீரை, முள்ளங்கி, கிழங்கு எதையும் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அங்கே குரோட்டன்ஸும் பூச்செடியும் இருக்கட்டும்.

அறிகுறி: மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது, இலை ஓரம் கருகுகிறது

முன்பு எழுதி வைத்த டி.டி.எஸ். மீட்டர் எண்ணை இப்போது எடுங்கள். 500-க்குள் இருந்தால் தண்ணீர்மேல் பழியில்லை. 1,000-ஐத் தாண்டினால் அவரை, மிளகாய் போன்றவை இலை ஓரம் காய்ந்து காட்டத் தொடங்கும். 2,000-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் காய்கறி போட்டு மனம் நோக வேண்டாம். தென்னையும் சப்போட்டாவும் தாங்கும், காய்கறிக்கு மழைநீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுத்தர உப்பாக இருந்தால் பழக்கத்தை மாற்றினாலே போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு ஊற்றுங்கள். தொட்டிச் செடிக்கு மாதம் ஒருமுறை அடித்துளை வழியாக ஓடும்வரை நல்ல தண்ணீர் விடுங்கள். ஆர்.ஓ. எந்திரம் கழிக்கும் தண்ணீரை வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றும் வீடுகள் இருக்கின்றன. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை கழுவவும் பாத்திரம் அலசவும் அதை வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைப் பூப்பு இல்லாமல், காய்ந்தால் பாறையாகவும் நனைந்தால் வழுக்கும் சேறாகவும் மாறி, தண்ணீரை விடாமல் நின்றால் அது களராக இருக்கலாம். ஜிப்சம் உதவுவது களருக்குத்தான். வெறும் உவருக்கு ஜிப்சம் போட்டால் இருக்கும் உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். பரிசோதனை முடிவில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

அறிகுறி: விதை முளைக்கவில்லை, முளைத்ததும் காணோம்

விதை தூவிய இடத்தைக் கிளறிப் பாருங்கள். விதையே இல்லையென்றால் எறும்பு. தண்டுக்கீரை, அரைக்கீரை விதையென்றால் எறும்புக்கு விருந்து. விதையை மணலோடு கலந்து தூவி, பாத்திக்கு வெளியே ஓரமாக அரிசி நொய்யைப் போட்டுவிடுங்கள். எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் கீரை முளைத்துவிடும். விதை இருந்து, மேலே மண் ஓடுபோல் இறுகியிருந்தால், தண்ணீரைக் குழாயால் பீய்ச்சியதுதான் காரணம். பூவாளியால் விடுங்கள், மேலே மெல்லிதாக வைக்கோல் பரப்புங்கள், முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். பாகல், புடலை விதைக்குத் தோல் கெட்டி. ஓரிரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை விட்டபின் ஊன்றுவது நல்லது.

முளைத்த நாற்று தரையோடு கழுத்து மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். நெருக்கமாக விதைத்ததும் அதிக ஈரமும் சேர்ந்து வருவது. அடுத்த முறை 1 கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதையுங்கள். வீட்டு அளவுக்கு ஒரு சிட்டிகை போதும்.

நாற்று வெட்டினாற்போல் காணாமல் போனால் இரவில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் பெரும்பாலும் நத்தைதான் சிக்கும். நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் விடியற்காலையில் கூட்டமாக ஒண்டியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பாத்தியைச் சுற்றி உப்புத் தூவுவதை மட்டும் செய்யாதீர்கள், நத்தையோடு மண்ணும் கெடும். தை, மாசியில் வயல் அறுப்பு முடிந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். அந்தச் சமயத்தில் குப்பை, விறகு, செங்கல் குவியல் பாத்தியருகே இருக்கக்கூடாது.

அறிகுறி: ஈரம் இருந்தும் செடி துவள்கிறது

உச்சி வெயிலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பூசணி, சுரையெல்லாம் அப்படித்தான். விடிகாலையிலும் தொங்கினால்தான் விசாரிக்க வேண்டும்.

கத்தரி, தக்காளி இலை பச்சையாக இருக்கும்போதே ஓரிரு நாளில் மொத்தமாகத் துவண்டால் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் சில பருவத்துக்கு மறந்துவிடுங்கள். கீரை, வெண்டை, கொடிக்காய் போடலாம். இழை இறங்காமல், வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அங்கே ஒரு பருவம் செண்டுமல்லி அடர்த்தியாகப் போட்டு மண்ணோடு மடக்குங்கள். இரண்டும் இல்லாமல் வேர் கருத்து நாறினால் பழைய கதைதான், தண்ணீர் தேக்கம். பப்பாளிக்கு இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே போதும், போய்விடும்.

அறிகுறி: பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த செடி இலை உதிர்க்கிறது

வண்டியில் வந்த அலைச்சல், வேறு வெயில், வேறு தண்ணீர். பத்து நாள் அரை நிழலில் வைத்து, மண் காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள். உரம் வேண்டாம், தொட்டி மாற்றமும் இப்போது வேண்டாம். மல்லிகையையும் செம்பருத்தியையும் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்துவிட்டால் சீக்கிரம் துளிர்க்கும். தரையில் இறக்க நினைத்தால் ஐப்பசிக்கு முன் வேண்டாம். கொண்டுவந்த செடிகளை இரண்டு வாரம் தனியாக வைத்து மாவுப்பூச்சி இருக்கிறதா என்று இலையடியில் பாருங்கள். அது எறும்போடு சேர்ந்து புதுத் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டால் பெரும்பாடு.

அறிகுறி: கொடி செழிப்பாக இருக்கிறது, காய் இல்லை

முதல் கேள்வி, எப்போது விதைத்தீர்கள்? நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும் குணம். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் பந்தல் நிறையப் பூக்கும். தையில் ஊன்றினால் கோடை முழுதும் இலைதான். குறை விதையிலும் இல்லை, உரத்திலும் இல்லை. பந்தலைக் கலைக்காமல் வைத்திருக்கப் பொறுமை இருந்தால் பனிக்காலத்தில் காய்க்கும்.

சுரை, பூசணியில் தொடக்கத்தில் வருவதெல்லாம் ஆண்பூ. அவை உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காயோடு வருவதுதான் பெண்பூ. அது மலர்ந்தும் குட்டிக் காய் மஞ்சளாகி விழுந்தால் ஒன்றை நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் காய் ஈ. விழுந்த காயையெல்லாம் பொறுக்கி ஆழப் புதைத்து, காய் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கியூலூர் பொறி ஒன்று கட்டுங்கள். பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டலாம். புழு இல்லையென்றால் மகரந்தம் சேரவில்லை.

புது நகரில் சுற்றிலும் வெறும் மனையாக இருக்கும்போது தேனீ வருவது குறைவு, கையால் சேர்த்துவிடலாம். நேரம்தான் முக்கியம். பூசணியும் பாகலும் காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும், புடலை இருட்டியபின். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தேடினால் வாடியதைத்தான் பார்ப்பீர்கள். ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓரமாகக் கொஞ்சம் துளசியும் செண்டுமல்லியும் வளர்ந்துவிட்டால் அப்புறம் தேனீக்களே பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. நம் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்கு அருகில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம்வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்புறம் தெற்கே போய்விடும். வீட்டுக்கு வடக்கே போட்ட பாத்தியில் ஆடியில் நல்ல வெயில் அடிக்கும், மார்கழியில் 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் வடக்கே 7 அடிவரை விழும். ஆடிப்பட்டக் காய்கறியை வீட்டின் தெற்கிலோ கிழக்கிலோ வையுங்கள். வடக்குப் பக்கம் கோடைக்கால நாற்றங்காலுக்கும், குறைந்த வெயிலிலும் வளரும் இஞ்சி, மஞ்சளுக்கும் இருக்கட்டும்.

அறிகுறி: இலை சுருள்கிறது

மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் முதலில் இலையடியில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். பிறகு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 1 லிட்டராக்கி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் புதுத் தளிர் நேராக வரும். சுருண்ட பழைய இலை நிமிராது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய தெருவீட்டுக் கொல்லையென்றால்

இங்கே மண் அருமையாக இருக்கும். பல தலைமுறை சாணமும் சாம்பலும் விழுந்த மண். தொல்லை நிழலும் வேரும்தான். பெரிய மாமரத்தடியில் காய்கறி போடாதீர்கள், அதற்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். அங்கே சேனை, மஞ்சள், கருணை நன்றாக வரும். அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்காலை அடைத்துவிடாதீர்கள். வாழைக்கும் சேம்புக்கும் முன்னோர் அமைத்த பாசனம் அது. சோப்புத் தண்ணீர் மட்டும் கீரைப்பாத்திப் பக்கம் போகாமல் திருப்பிவிடுங்கள். தரையில் கோரை அடர்ந்திருந்தால் கொத்துவதால் போகாது, ஒவ்வொரு கிழங்குத் துண்டும் மறுபடி முளைக்கும். சித்திரை வெயிலில் ஆழக் கிளறி, கிழங்கைப் பொறுக்கிக் காயப்போட்டு, அடுத்து அடர்த்தியாகத் தக்கைப்பூண்டு விதையுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது.

அறிகுறி: மரக்கன்று சாய்கிறது, கழுத்தில் அழுகுகிறது, நடுக்குருத்து வெட்டுப்படுகிறது

தூர்த்த மண் முதல் மழையில் அமுங்கும். வைகாசியில் தரைமட்டத்துக்கு நட்ட கன்று கார்த்திகையில் பள்ளத்தில் நிற்கும், கழுத்தில் தண்ணீர் தேங்கும். அதனால் மா, பலா, தென்னையையெல்லாம் ஒரு ஐப்பசி, கார்த்திகையைக் கடந்தபின் நடுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அரையடி மேடாக்கி நடுங்கள். முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) அழுகுவதும் இதனால்தான். மேட்டில் ஊன்றி, மேல் வெட்டுவாயில் பசுஞ்சாணத்தை அப்பிவிட்டால் காயாது.

தென்னங்கன்றின் புது மட்டை 'வி' வடிவில் கத்தரித்ததுபோல் விரிந்தால் காண்டாமிருக வண்டு. நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து போடுங்கள். வண்டின் புழு வளர்வது உங்கள் எருக்குழியிலோ, மட்கும் தென்னந்தடியிலோ இருக்கும். குழியைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கினால் கோழிக்கு ஆகும். கட்டுமானத்தில் மிஞ்சிய பலகைத் துண்டுகளையும் மண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள், கரையான் அங்கிருந்துதான் கன்றுக்கு ஏறுகிறது.

இடம் தேர்வு செய்யும்போது காற்றையும் கணக்கில் வையுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. தென்னைக்கும் தென்னைக்கும் 25 அடி விடுங்கள். முழு உயரத்தில் விழுந்தால் எதன்மேல் விழும் என்று பார்த்து, கூரைக்கும் மின்கம்பிக்கும் எட்டாத இடத்தில் நடுங்கள். முருங்கை சிறு காற்றிலேயே ஒடியும். புரட்டாசிக் கடைசியில் கிளைகளைக் கழித்து, மரத்தை ஆள் உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். கழித்த கிளையில் நேரானவற்றை நான்கடிப் போத்தாக வெட்டிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். மழைக்குப்பின் கம்பளிப்பூச்சி வந்தாலும், தாழ்ந்த மரத்தில் அது பகலில் அடிமரத்தில் ஒண்டியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் அடிப்பது எளிது.